பைனாகுலரை முக்காலியில் ஏற்றுவது எப்படி: வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் டூசானுக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவரோடு மான் வேட்டைக்குத் துணையாகப் போனேன். துப்பாக்கி அவருடையது, லைசென்ஸும் அவருடையது, எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் என் வேலை. என்னிடம் நல்ல 10×42 (பத்து மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) பைனாகுலர் இருந்தது, அவருடையதைவிட விலை கூடியது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு. இரண்டு மணி நேரத்தில் அவர் ஏழு மான் பார்த்தார், நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அவருடைய பைனாகுலர் ட்ரைபாட், அதாவது முக்காலி மேல் இருந்தது, என்னுடையது கையில் இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். அவர் எழுந்து இடம் கொடுத்தார், உட்கார்ந்து பார்த்தேன். வெறும் பாறையும் ஓக் மரமும் என்று நான் தள்ளிவிட்டுப் போன அதே சரிவில், நிழலுக்குள் ஒரு காது மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே ட்ரைபாட் வாங்கினேன். தப்பான ட்ரைபாட். அந்தக் கதை கீழே வரும்.

தெற்கு அரிசோனாவில் இந்தச் சாமானுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அங்கே சுடுவது சில நொடி வேலை, தேடுவதுதான் நாள் முழுக்க. கூஸ் மான் என்று ஒரு சின்ன வகை வெள்ளைவால் மான் உண்டு. எலியட் கூஸ் என்ற ராணுவ மருத்துவர், பறவையியலாளரும்கூட, அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்தால் ‘கவுஸ்’ என்று வரும், ஆனால் வேட்டைக்காரர்கள் யாரிடமும் போய் அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கிடாய்கூடத் தோள் உயரம் 80 செ.மீ.யைத் தாண்டுவது அபூர்வம், எடை சுமார் 45 கிலோ, நிறம் பாறையின் சாம்பல். சாண்டா ரீட்டா, வச்சூக்கா, சிரிகாவா மலைகளில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சரிவில் இது படுத்திருக்கும். இப்படி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மலையைச் சல்லடை போட்டுத் தேடுவதற்கு ‘கிளாஸிங்’ என்று பெயர். முழு மானைத் தேடினால் கிடைக்காது. ஒரு காது, ஒரு கொம்பு நுனியின் மினுக்கு, செங்குத்தான செடிகளுக்கு நடுவே படுக்கையாக ஒரு முதுகுக் கோடு, இவைதான் கண்ணில் படும். கை நடுங்கும்போது இதில் எதுவும் தெரியாது, ஏனென்றால் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி உங்கள் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருக்கித்தான் கொடுக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் வேட்டை குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் பள்ளிக்கரணையிலோ கோடியக்கரையிலோ தூரத்துப் பறவைக் கூட்டத்தை எண்ணப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான், இதே சாமான்தான்.

முதலில் உங்கள் பைனாகுலரைக் கையில் எடுங்கள். இரண்டு குழாய்களையும் இணைக்கும் நடுக்கீலின் முன்முனையில், அதாவது பெரிய லென்ஸ்கள் இருக்கும் பக்கம், கம்பெனி முத்திரை போட்ட ஒரு சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது திருகிக் கழற்றும் மூடி. இடப்பக்கமாகத் திருகினால் வரும், வராவிட்டால் ஒரு ரப்பர் துண்டை வைத்துப் பிடித்துத் திருகுங்கள், இடுக்கியை எடுக்காதீர்கள். உள்ளே தெரியும் துளையில் இருப்பது கால் இன்ச் மரை, இன்ச்சுக்கு 20 சுற்று, கேமராக்களின் அடியில் இருக்கும் அதே மரை. இது இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. சில பைனாகுலர்களில் இருக்காது; நடுவில் விரல் நுழையும்படி திறந்த பாலம் வைத்த மாடல்கள் சிலவற்றிலும் சின்ன ரகங்களிலும் இதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். ஸ்வரோவ்ஸ்கி ஈஎல் போன்றவற்றுக்கு அந்தக் கம்பெனியே தனி அடாப்டர், அதாவது ட்ரைபாட்டோடு இணைக்கும் துண்டு, விற்கிறது. மற்றதற்குக் கீழே சொல்லும் தொட்டில்தான் வழி.

அடாப்டரில் மூன்று ரகம். மலிவானதும் பழையதும் ‘எல்’ வடிவப் பட்டை. நிமிர்ந்து நிற்கும் பகுதியில் ஒரு ஸ்க்ரூ, அது கீலில் ஏறும்; படுத்திருக்கும் பகுதி ட்ரைபாட் மேல் உட்காரும். வேலை செய்யுமா என்றால் செய்யும், பத்து வருடம் இதையே வைத்து மான் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்கும்போது மூன்று இடத்தைச் சரிபாருங்கள். ஒன்று, அந்த நிமிர்ந்த பட்டையின் தடிமன். அது இரண்டு குழாய்களுக்கும் நடுவே நுழைய வேண்டும். உங்கள் கண்கள் கொஞ்சம் நெருங்கி இருந்தால் பைனாகுலரை நன்றாக மடக்க வேண்டிவரும், அப்போது தடித்த பட்டை குறுக்கே நின்று மடக்கவே விடாது, இரண்டு வட்டங்களும் ஒன்று சேராமல் அரை மணி நேரத்தில் தலைவலி வரும். என் மனைவிக்கு இதுதான் நடந்தது, நான் வாங்கிய முதல் பட்டையில் அவளால் பார்க்கவே முடியவில்லை. இரண்டு, ஃபோகஸ் சக்கரத்துக்கு விரல் எட்டுகிறதா என்பது. மூன்றாவது, பட்டையின் அடிப்பாகம். வெறும் ஒரு துளை மட்டும் இருந்து, அதில் நீங்கள் தனியாக ஒரு பிளேட்டை, அதாவது ஹெட்டில் (கால்களுக்கு மேல் இருக்கும் திரும்பும் தலைப்பகுதி) மாட்டும் தட்டை, திருகவேண்டி இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது மெல்லச் சுழலும், பைனாகுலர் ஒரு பக்கமும் ஹெட் ஒரு பக்கமும் பார்க்கும். அடிப்பாகமே ஆர்கா-ஸ்விஸ் வடிவத்தில், இரண்டு ஓரமும் சரிவாகக் கடைந்து, ஒரே துண்டாக வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது ரகம் ஸ்டட். ஒரு சின்ன உலோகக் குமிழை மூடி இருந்த இடத்தில் நிரந்தரமாகத் திருகிவிடுவீர்கள், அதைப் பிடிக்கும் கவ்வி ட்ரைபாட் ஹெட்டிலேயே இருக்கும். இறக்கினால் பிடித்துக்கொள்ளும், நெம்பினால் விட்டுவிடும், ஒரு நொடி வேலை. ஃபீனிக்ஸில் இருக்கும் அவுட்டோர்ஸ்மன்ஸ் கம்பெனியின் ஸ்டட்டை அரிசோனா வேட்டைக்காரர்கள் பலரிடம் பார்க்கலாம், வோர்டெக்ஸ் கம்பெனியும் தன் பங்குக்கு ஒன்று விற்கிறது. என்னிடம் கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். காரணம் வேகம் இல்லை, சோம்பேறித்தனம். எல் பட்டையைத் திருகி ஏற்ற ஒரு நிமிடம் ஆகிறது என்றால், ‘பத்து நிமிடம்தானே பார்க்கப் போகிறோம், கையிலேயே பார்ப்போம்’ என்று மனசு சொல்லும், ட்ரைபாட் பையை விட்டு வெளியே வரவே வராது. ஸ்டட் இருந்தால் அந்தச் சாக்கு போய்விடும். வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும்: நெஞ்சில் கட்டும் பைனாகுலர் பை வைத்திருந்தால், ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பையின் மூடி மூடுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஒரு கம்பெனி ஸ்டட் இன்னொரு கம்பெனி கவ்வியில் உட்காரும் என்று நம்பிவிடாதீர்கள், இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, தொட்டில். ஒரு தட்டு, அதன் மேல் பைனாகுலரை வைத்து ரப்பர் பட்டையால் கட்டிவிடலாம். மரை இல்லாத பைனாகுலர்களுக்கு இது வரப்பிரசாதம். கொஞ்சம் இடம் அடைக்கும், ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், பையில் ஒரு பட்டையை உபரியாக வைத்துக்கொண்டால் போதும்.

எந்த ரகமானாலும் கையால் இறுக்குங்கள், அதோடு நிறுத்துங்கள். ஸ்க்ரூ நீளமாக இருந்து துளை ஆழமில்லாமல் இருந்தால், கருவி போட்டு இறுக்கும்போது அது உள்ளே எதையாவது முட்டும். கீல் கெட்டால் இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்காது, அதற்கப்புறம் அந்தப் பைனாகுலர் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

சரி, இப்போது என் தப்பான ட்ரைபாட். அது அலுமினியம், ஐந்து மடிப்புக் கால், சுருக்கினால் கைப்பையில் அடங்கும், மேலே ஒரு பால் ஹெட், அதாவது பந்தின் மேல் எல்லாப் பக்கமும் சுழலும் தலை. கடையில் பார்க்க அழகாக இருந்தது, பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். டிசம்பர் மாதம் ஒரு காலை, மலை முகட்டில் உட்கார்ந்து ஒரு பெட்டையைக் கண்டுபிடித்தேன், பக்கத்தில் கிடாய் இருக்குமோ என்று ஹெட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், அவ்வளவுதான், கழுத்து முறிந்த கோழி மாதிரி பைனாகுலர் தொங்கிவிட்டது. திரும்ப நிமிர்த்தி அந்த இடத்தைத் தேடினால் மலையில் எல்லாச் செடியும் ஒரே செடி. பெட்டையும் இல்லை, கிடாயும் இல்லை, நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். பத்து மணிக்குக் காற்று எழுந்ததும் அந்த மெல்லிய கால்கள் நாணல் மாதிரி ஆட ஆரம்பித்தன.

இதில் நான் கற்றது முதலில் ஹெட்டைப் பற்றி. பால் ஹெட் போட்டோவுக்கு நல்லது, கிளாஸிங்குக்கு ஆகாது. ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் அவிழும். உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டு அசைவு தனியாகவும் மேல்கீழ் அசைவு தனியாகவும் இருப்பது, அதுவும் உள்ளே பிசுபிசுப்பான கிரீஸ் இருந்து மெதுவாக நகர்வது. அதைத்தான் ஃப்ளூயிட் ஹெட் என்று விற்கிறார்கள். வீடியோ எடுப்பவர்களுக்காக வந்த பெரிய ஹெட் வேண்டாம், சின்னதாக, அரைக் கிலோவுக்குள் கிடைக்கிறது. கடையில் சோதிக்க எளிய வழி: பைனாகுலரை ஏற்றி, மேல்கீழ்த் திருகைப் பாதி தளர்த்திவிட்டுக் கையை எடுங்கள். பைனாகுலர் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அப்புறம் விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள், முதலில் மாட்டிக்கொண்டு பிறகு சடக்கென்று நகர்ந்தால் அந்த ஹெட் வேண்டாம். அடாப்டர் கீலின் முன்முனையைப் பிடிப்பதால் எடையெல்லாம் கண் பக்கம் சாயும், அதனால் பின்னால் கவிழப் பார்க்கும். ஆர்கா பிளேட் நீளமாக இருந்தால் முன்னால் நகர்த்தி எடையைச் சமன் செய்யலாம். ட்ரைபாட்டில் ஹெட்டும் கூடவே வந்தால், அதில் எந்த வகை பிளேட் ஏறும் என்று கேட்டுவிடுங்கள். மான்ஃப்ராட்டோ கம்பெனியின் ஆர்சி2 பிளேட் ஆர்கா கவ்வியில் (கிளாம்ப்) ஏறாது, ஆர்கா பிளேட் அதில் ஏறாது. அடாப்டர் வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

அடுத்தது உயரம். ட்ரைபாட் வாங்குகிறவர்கள் ‘எவ்வளவு உயரம் போகும்’ என்றுதான் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது ‘எவ்வளவு கீழே இறங்கும்’. காரணம், நான்கு மணி நேரம் நின்றுகொண்டு யாரும் பார்ப்பதில்லை, உட்கார்ந்துதான் பார்ப்பீர்கள். முதலில் எப்படி உட்காரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், பிறகு அளவு நாடாவை எடுங்கள். என் உயரம் 170 செ.மீ. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. ஹெட்டின் உயரம் 10, அடாப்டரிலிருந்து கண்பக்க லென்ஸின் நடு வரை இன்னொரு 10, இரண்டையும் கழித்தால் கால்கள் 55 செ.மீ.யில் நிற்க வேண்டும். இப்போது மூன்று மடிப்பு ட்ரைபாட் ஒன்றை முழுக்கச் சுருக்கி நிறுத்திப் பாருங்கள், பல மாடல்கள் அதைவிட உயரமாகவே இருக்கும். காலை அகட்டித்தான் கீழே கொண்டுவர வேண்டும். அகட்டும்போது நடுத்தண்டு நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அது தரையில் முட்டும். அதனால் நடுத்தண்டைக் கழற்ற முடிகிற, அல்லது நடுத்தண்டே இல்லாத ட்ரைபாட்டாகப் பாருங்கள். 40 செ.மீ. மடக்கு ஸ்டூலில் உட்காருகிற ஆள் என்றால் கணக்கு 95க்குப் போகும். நின்றுதான் பார்ப்பேன் என்றால், புதர் மறைக்கிற இடங்களில் சில சமயம் வேறு வழியில்லை, என் அளவுக்குச் சுமார் 138 செ.மீ. வேண்டும், அதுவும் நடுத்தண்டைத் தூக்காமல். மலைச்சரிவில் ஒரு கால் எப்போதும் கீழே போகும், அதற்கு இன்னொரு 10, 15 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நடுத்தண்டைத் தூக்கி உயரம் காட்டுவது முக்காலியின் மேல் ஒற்றைக்காலியை வைப்பது மாதிரி, காற்றில் அதுதான் முதலில் ஆடும்.

கால்களின் பலத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை வைத்து எடை போடாதீர்கள். உங்கள் 10×42 முக்கால் கிலோ, அதற்கும் பெரிய 15×56 ஒன்றேகால் கிலோ போல வரும், ஹெட்டோடு சேர்த்தாலும் இரண்டு கிலோவுக்குள்தான். எந்த ட்ரைபாட்டும் அதைத் தாங்கும். தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. மேல் குழாயின் விட்டத்தைப் பாருங்கள்: 10×42க்கு 25 மி.மீ. போதும், 15×56 வாங்கும் எண்ணம் இருந்தால் 28க்குக் கீழே போகாதீர்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் குழாய் மூன்று மி.மீ. போல மெலிந்துகொண்டே போகும், அதனால் ஐந்து மடிப்பில் கடைசிக் குழாய் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிடும். மூன்று அல்லது நான்கு மடிப்பு போதும். கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் பைனாகுலரை ஏற்றி, எதிர்ச் சாலையில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்துக்கொண்டே ட்ரைபாட் காலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். எழுத்து ஆடும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடங்கினால் நல்ல கால். மூன்று எண்ணிய பிறகும் ஆடிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்பதில் பெரிய சண்டையே நடக்கும். கார்பன் எடை குறைவு, அதிர்வைச் சீக்கிரம் அடக்கும், விலை அதிகம், பாறையில் பலமாக அடிபட்டால் விரிசல் விடலாம். அலுமினியம் அடிபட்டால் சொட்டை விழும், ஆனால் டிசம்பர் விடிகாலையில் அதைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பாருங்கள், பனிக்கட்டிதான். சைக்கிள் ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பை மேல் குழாயில் சுற்றிவிட்டால் அது சரியாகும். தினமும் பத்து கிலோமீட்டர் நடப்பவர் கார்பன் வாங்கலாம், காரிலிருந்து நூறு மீட்டரில் உட்காருகிறவர் அந்தப் பணத்தை ஹெட்டில் போடட்டும்.

பணம் என்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் பைனாகுலரில் போடாதீர்கள். மிச்சத்தில் காலுக்கும் ஹெட்டுக்கும் சமமாகப் பிரித்துவிட்டு, அடாப்டருக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். நடுத்தர 10×42 ஒன்று நல்ல முக்காலியில் இருந்தால், கையில் பிடித்த உயர்ந்த ரகப் பைனாகுலரைத் தோற்கடித்துவிடும், என் முதல் நாள் அனுபவமே அதற்குச் சாட்சி. 15×56 வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முக்காலி இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை, பார்வைப் பரப்பும் குறையும், எடையும் ஏறும். முதல் சீசன் 10×42லேயே ஓட்டுங்கள்.

வாங்கியாயிற்று, இனி உட்காருங்கள். ட்ரைபாட்டின் ஒரு காலை முன்னால், எதிர்மலையை நோக்கி வையுங்கள், மற்ற இரண்டும் உங்கள் முழங்கால்களுக்கு இரண்டு பக்கமும் வரும், தட்டிவிட மாட்டீர்கள். குமிழ்மட்டத்தைப் பார்த்து நேராக்குங்கள். கோணலாக இருந்தால், பக்கவாட்டில் நகர்த்தும்போது பார்வை சாய்வாக ஏறிப்போகும், எந்த வரியைப் பார்த்தோம் எதை விட்டோம் என்று தெரியாது. காற்று இருந்தால் பையை நடுவில் கொக்கியில் மாட்டுங்கள், ஆனால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஊஞ்சல் மாதிரி ஆடினால் இல்லாத ஆட்டத்தை நீங்களே கொண்டுவந்த மாதிரி ஆகும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். பைனாகுலர் அசையாமல் நிற்க, கண்ணை மட்டும் அந்த வட்டத்துக்குள் நகர்த்துங்கள், நடுவிலிருந்து ஓரம் வரை, ஒவ்வொரு நிழலாக. முடிந்ததும் முக்கால் வட்டம் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி. வரி முடிந்தால் அரை வட்டம் கீழே இறக்குங்கள். புதிதாக வருகிறவர்கள் பைனாகுலரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், நகரும் படத்தில் நகரும் காதைக் கண்டுபிடிக்க முடியாது.

மத்தியானம் கானல் எழுந்தால் எந்த முக்காலியாலும் அதை அடக்க முடியாது, பெருக்கம் கூடினால் அலைதான் கூடும். ஆனாலும் எழுந்து போய்விடாதீர்கள். நிழல் நகர நகர, படுத்திருக்கும் மான் எழுந்து இரண்டு அடி தள்ளிப் படுக்கும். அந்த அரை நிமிடம்தான் உங்களுக்கு. அந்த நேரத்தில் நீங்கள் ஆர்கா பிளேட்டை இறுக்கிக்கொண்டிருந்தால் போச்சு, அதனால் ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) ஒன்றைப் பையில் வைத்திருந்து காலையிலேயே எல்லாத் திருகையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் கழற்றினீர்களே, பைனாகுலரின் அந்தச் சின்ன மூடி, அதை அட்டைப்பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். என்னுடையது சாண்டா ரீட்டாவில் எங்கேயோ கிடக்கிறது.